வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு: முதன்முறை வாங்குவோருக்கான வழிகாட்டி

கண்ணாடியிழை வழியாக இணையம் தரும் ஃபைபர் இணைப்பை வீட்டுக்கு வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் விளம்பரத்தில் உள்ள வேகத்தையும் மாதக் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள். இந்த இரண்டும் இன்று எல்லா நிறுவனங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதால், அவற்றைக் கொண்டு நல்ல இணைப்பு எது, தொல்லை தரும் இணைப்பு எது என்று பிரித்தறிய முடியாது. உங்கள் தெருவுக்கு யாருடைய கண்ணாடியிழை வந்திருக்கிறது, அது அறுந்தால் ஏணியோடு வரப்போகிறவர் யார், அவர் அன்றைக்கே வருவாரா அல்லது நான்கு நாள் கழித்து வருவாரா என்பவையே உண்மையில் பார்க்க வேண்டியவை. தமிழ்நாட்டில் முதல்முறையாக இணைப்பு எடுக்கும் குடும்பத்தை மனத்தில் வைத்து, எதை முதலில் விசாரிப்பது, எதைப் பின்னால் பார்த்துக்கொள்வது என்ற வரிசையில் இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது.

நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் அளவுக்கு விலை இறங்கி அதிக காலம் ஆகவில்லை. 2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் வணிகமுறையில் தொடங்கியபோது அதன் மிகக் குறைந்த மாதக் கட்டணமே 699 ரூபாய். பொதுமுடக்கக் காலத்தில், வீட்டிலிருந்து வேலை பார்த்த பெற்றோரும் இணையவழி வகுப்பில் இருந்த பிள்ளைகளும் ஒரே கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருந்த நிலையில், 2020 செப்டம்பரில் 30 எம்பிபிஎஸ் வேகத்தை 399 ரூபாய்க்கு ஜியோ தரத் தொடங்கியது. அதே மாதத்தில் ஏர்டெல் 40 எம்பிபிஎஸ் வேகத்தை 499 ரூபாய்க்கும், அடுத்த மாதத்தில் பிஎஸ்என்எல் 30 எம்பிபிஎஸ் வேகத்தை 449 ரூபாய்க்கும் கொண்டுவந்தன. அப்படியிருந்தும், 2024ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டில் இருந்த ஏறத்தாழ 94 கோடி பிராட்பேண்ட் இணைப்புகளில் கம்பிவழி வந்தவை 4 கோடியைச் சற்றே தாண்டியிருந்தன. மற்றவை பெரும்பாலும் கைப்பேசி வழியானவை. வாங்க ஆள் இல்லாததால் அல்ல, பெரும்பாலான தெருக்களுக்கு இழை வராததாலேயே இந்த இடைவெளி என்பது என் கருத்து.

முதல் படி: தெருவில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தல்

நிறுவனத்தின் செயலியில் அஞ்சல் குறியீட்டு எண்ணைத் தட்டி, 'உங்கள் பகுதியில் சேவை உண்டு' என்ற பதிலைப் பெறுவது விசாரணை ஆகாது. ஓர் அஞ்சல் குறியீட்டுக்குள் பல தெருக்கள் அடங்கும். அவற்றில் பாதிக்கு இழை வந்திருக்கும், மீதிக்கு வந்திருக்காது. வாசலில் நின்று தெருமுனைக் கம்பத்தை அண்ணாந்து பார்ப்பதே நம்பகமான வழி. கருப்பு அல்லது சாம்பல் நிறத்தில், ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் பெட்டியும், அதிலிருந்து வீடுகளை நோக்கிச் செல்லும் மெல்லிய கருப்பு வயர்களும் தெரிந்தால், அங்கே இழை வந்துவிட்டது என்று கொள்ளலாம். பெட்டியின் மேலோ வயரில் கட்டிய அட்டையிலோ பெரும்பாலும் நிறுவனத்தின் பெயர் இருக்கும்.

அந்தப் பெட்டிக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் பல குழப்பங்கள் குறையும். நிறுவனத்தின் நிலையத்தில் ஓஎல்டி என்ற கருவி இருக்கிறது. அதன் ஒரு போர்ட்டிலிருந்து கிளம்பும் ஒற்றை இழை, வழியில் ஸ்பிளிட்டர் எனப்படும் பிரிப்பான்கள் மூலம் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிந்து செல்கிறது. இப்போது பரவலாக உள்ள ஜிபான் முறையில், அந்த ஒற்றை இழையில் நிலையத்திலிருந்து வீடுகளுக்கு இறங்கும் மொத்த வேகம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், வீடுகளிலிருந்து ஏறும் வேகம் சுமார் 1.25 ஜிபிபிஎஸ். 64 வீடுகளும் ஒரே நொடியில் முழு வேகத்தைக் கேட்டால் ஒரு வீட்டுக்கு 40 எம்பிபிஎஸ் கூடக் கிடைக்காது. நடைமுறையில் அப்படி எல்லோரும் ஒரே நொடியில் கேட்பதில்லை என்பதால் இது பெரிய சிக்கல் ஆவதில்லை. மாலையில் வேகம் படுத்துவிடுகிறது என்றால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இழை அல்ல. உள்ளூர் நிறுவனம் மேலிடத்திலிருந்து வாங்கி வைத்திருக்கும் மொத்த அலைவரிசை போதாமல் இருப்பதே காரணம். அதை எந்த விளம்பரமும் சொல்லாது, அண்டை வீட்டார்தான் சொல்வார்கள்.

ஆகவே அதே பெட்டியிலிருந்து இணைப்பு எடுத்திருக்கும் இரண்டு மூன்று வீடுகளில் பேசிப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு வீடியோ நிற்காமல் ஓடுகிறதா, போன மழைக்காலத்தில் எத்தனை நாள் இணைப்பு இல்லாமல் இருந்தது, பழுது என்றால் கால் சென்டரைக் கூப்பிடுகிறார்களா அல்லது லைன்மேனின் எண் நேரடியாகக் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக மதிப்பேன். பெரிய நிறுவனத்தின் பெயரில் வரும் இணைப்பைக்கூடப் பல ஊர்களில் அந்த ஊர்க் கேபிள்காரரோ ஒப்பந்தக்காரரோதான் இழுத்துப் பராமரிக்கிறார். பிஎஸ்என்எல் ஃபைபர் பல இடங்களில் வருவாய்ப் பங்கீட்டு முறையில் இத்தகைய உள்ளூர்ப் பங்காளிகள் வழியாகவே வீட்டுக்கு வருகிறது. அந்தப் பங்காளி எப்படி வாய்க்கிறார் என்பதைப் பொறுத்து ஒரே நிறுவனம் ஒரு தெருவில் சிறப்பாகவும், நாலு தெரு தள்ளி மோசமாகவும் இருப்பதில் வியப்பில்லை.

இன்னொரு கேள்வியையும் விடாமல் கேட்க வேண்டும்: வீட்டுக்குள் வரப்போவது ஃபைபரா, லேன் கேபிளா? சில உள்ளூர் நிறுவனங்கள் தெருமுனை வரை மட்டும் இழையைக் கொண்டுவந்து, இணைப்பைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் மின்கருவியான ஸ்விட்ச் ஒன்றைக் கம்பத்தில் பொருத்தி, அங்கிருந்து சாதாரண லேன் கேபிளை வீட்டுக்கு இழுத்துவிட்டு, அதையும் ஃபைபர் என்றே விற்கின்றன. ஸ்பிளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை, ஸ்விட்சுக்குத் தேவை. தெருவில் மின்சாரம் போனால், உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் அந்த ஸ்விட்சில் பேட்டரி இல்லாவிட்டால் இணைப்பும் சேர்ந்து போய்விடும். போதாக்குறைக்கு, இடி மின்னல் நேரத்தில் செம்புக் கம்பி வழியாக ஏறும் மின்னதிர்ச்சி ரூட்டரையும் கணினியின் போர்ட்டையும் பதம் பார்த்துவிடக்கூடும்.

இழை வராத தெருவில் இருப்பவர் செய்யக்கூடியது

கால் சென்டரில் பேசி 'விரைவில் வரும்' என்ற பதிலை வாங்கிக்கொண்டு காத்திருப்பது வீண். ஒரு தெருவுக்கு இழை இழுப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது, அருகிலுள்ள இணைப்புப் புள்ளியிலிருந்து கேபிள் கொண்டுவர ஆகும் செலவுக்கு அங்கே போதிய சந்தாதாரர்கள் கிடைப்பார்களா என்ற எளிய கணக்குதான். தெருப்பெட்டி பெரும்பாலும் எட்டு அல்லது பதினாறு வீடுகளுக்கானது. அதில் ஒரு வீடு மட்டும் கேட்டால் யாரும் வரமாட்டார்கள். ஏழெட்டு வீடுகள் சேர்ந்து, பெயர், கதவு எண், கைப்பேசி எண், எடுக்க விரும்பும் திட்டம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, உள்ளூர்க் கேபிள்காரரிடமும் பிஎஸ்என்எல் வாடிக்கையாளர் சேவை மையத்திலும் தனியார் நிறுவனத்தின் பகுதி விற்பனையாளரிடமும் ஒரே வாரத்தில் கொடுங்கள். மூவரிடமும் கொடுத்திருக்கிறோம் என்பதை மூவருக்கும் சொல்லிவிடுங்கள். யார் முதலில் வருகிறாரோ அவருக்கு எட்டு வீடும் கிடைக்கும் என்று தெரிந்தால், ஆறு மாதமாக நகராத கேபிள் நகரத் தொடங்கும். நிறுவல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி கேட்பதற்கும் அதுவே சரியான நேரம்.

கிராமங்களில் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. 2011இல் தேசிய ஒளியிழை வலையமைப்பு என்ற பெயரில் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறிய மத்தியத் திட்டத்தின் கீழ், தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் இழையால் இணைக்கும் பணியை ஏற்றிருக்கிறது. ஊராட்சி அலுவலகத்துக்கு இழை வந்துவிட்டால் வீட்டுக்கும் வந்துவிட்டதாகப் பொருள் இல்லை. அங்கிருந்து வீடுவரை கேபிள் இழுக்க யாராவது ஒரு சேவையாளர் முன்வர வேண்டும். ஆயினும் ஊர்வரை இழை வந்துவிட்டது என்பது மேற்சொன்ன மனுவுக்கு வலுச்சேர்க்கும் செய்தி, ஏனெனில் அதிகச் செலவு பிடிக்கும் நெடுந்தூரப் பகுதி முடிந்துவிட்டது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் நிலைமை வேறு. கட்டுநரோ குடியிருப்போர் சங்கமோ ஒரே நிறுவனத்தை மட்டும் உள்ளே விட்டிருந்தால் விலையும் சேவையும் அந்த நிறுவனம் வைத்ததே சட்டம் ஆகிவிடும். சங்கக் கூட்டத்தில் இரண்டாவது நிறுவனத்துக்கும் குழாய்வழியில் இடம் தர வேண்டும் என்று தீர்மானம் போட வையுங்கள்; இரண்டு நிறுவனங்கள் ஒரே மாடிப்படிக்கு வந்த பிறகு சேவையில் ஏற்படும் மாற்றம் கண்கூடாகத் தெரியும். கட்டடங்களின் இணைய வசதிக்குத் தரமதிப்பீடு வழங்கும் ஒழுங்குமுறையை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 அக்டோபரில் வெளியிட்டிருப்பதையும் அக்கூட்டத்தில் எடுத்துச் சொல்லலாம்.

எதுவுமே வராத இடத்தில், 2023இல் ஜியோவும் ஏர்டெல்லும் தொடங்கிய ஏர்ஃபைபர் இருக்கிறது. பெயரில் ஃபைபர் இருந்தாலும் இது 5ஜி கோபுரத்திலிருந்து மொட்டைமாடியில் வைத்த ஆன்டெனாவுக்கு வரும் வானலை இணைப்பு. கோபுரத்தின் நெரிசலைப் பொறுத்து வேகம் ஏறி இறங்கும், மாத டேட்டா வரம்பும் ஃபைபரைவிடக் குறைவாகவே இருக்கும். ஃபைபர் வரும்வரை இடைக்காலத்துக்கு இது பரவாயில்லை. ஆனால் ஓராண்டுக்கு முன்பணம் கட்டி எடுக்காதீர்கள்.

எவ்வளவு வேகம் தேவை

விற்பனையாளர் சொல்வதைவிடக் குறைவாகத்தான் பெரும்பாலான வீடுகளுக்குத் தேவைப்படும். முழு ஹெச்டி தரத்தில் படம் பார்க்க 5 எம்பிபிஎஸ் போதும் என்றும், 4கே தரத்துக்கு 15 எம்பிபிஎஸ் வேண்டும் என்றும் நெட்ஃபிளிக்ஸே குறிப்பிடுகிறது. வீடியோ அழைப்புக்கு இரு திசையிலும் 4 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். கூடத்தில் ஒரு டிவி, அறையில் ஒருவர் அலுவலகக் கூட்டத்தில், இன்னோர் அறையில் பிள்ளை யூடியூபில், சமையலறையில் ஒரு கைப்பேசி என்று எல்லாம் ஒன்றாக ஓடினாலும் 30 எம்பிபிஎஸ் தாங்கும். பெரிய கோப்புகளை அடிக்கடி ஏற்றி இறக்குபவர்கள், விளையாட்டு மென்பொருள்களைப் பதிவிறக்குபவர்கள், 4கே டிவி இரண்டு வைத்திருப்பவர்கள் 100 எம்பிபிஎஸ் எடுக்கலாம். அதற்கு மேல் எடுப்பவர் காரணம் தெரிந்தே எடுப்பவராக இருப்பார். அவருக்கு இந்த வழிகாட்டி தேவைப்படாது.

இங்கே ஒரு கணக்கு விவரம். நிறுவனம் சொல்வது மெகாபிட், பதிவிறக்கும்போது திரையில் தெரிவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் கோப்பு நொடிக்கு 12 மெகாபைட் வேகத்தில் இறங்கினால் இணைப்பு சரியாகவே வேலை செய்கிறது. இதை அறியாமல் 'நூறு கேட்டேன், பன்னிரண்டுதான் வருகிறது' என்று சண்டை பிடிப்பவர்கள் ஏராளம்.

ஏற்றும் வேகத்தையும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பெரிய நிறுவனங்களின் ஃபைபர் திட்டங்களில் ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் சமமாக இருக்கும். சில உள்ளூர்த் திட்டங்களில் அப்படி இராது. சிசிடிவி கேமரா வைத்திருப்பவர்களுக்கும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கும் இது முக்கியம். வெளியூரிலிருந்து வீட்டுக் கணினிக்குள் நேரடியாக நுழைய வேண்டியிருந்தால், பொது ஐபி முகவரி கிடைக்குமா, அதற்குக் கூடுதல் கட்டணம் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். செயலி வழியாகப் பார்க்கும் சாதாரண கேமராவுக்கு அது தேவையில்லை.

கட்டணத்தைக் கணக்கிடுதல்

விளம்பர விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். 399 ரூபாய்த் திட்டத்துக்குக் கையிலிருந்து போவது 470 ரூபாய் 82 காசு; 499க்கு 588 ரூபாய் 82 காசு; 699க்கு 824 ரூபாய் 82 காசு. இவற்றோடு நிறுவல் கட்டணம், கருவிக்கான வைப்புத்தொகை அல்லது மாத வாடகை, கேபிள் குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டினால் மீட்டருக்கு இவ்வளவு என்ற கூடுதல் தொகை ஆகியவை வரலாம். எல்லாவற்றையும் கூட்டி, பன்னிரண்டு மாதத்துக்கு ஆகும் மொத்தத்தை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனியாக எழுதிப் பார்த்தால், மாதக் கட்டணத்தில் மலிவாகத் தெரிந்தது ஆண்டுக் கணக்கில் மலிவாக இல்லாமல் போவது உண்டு.

ஆறு மாதமோ ஓராண்டோ முன்பணம் கட்டினால் நிறுவல் இலவசம், கூடுதலாக ஒரு மாதம் இலவசம் என்ற சலுகைகள் உண்மையானவையே. ஆனால் கைப்பேசி எண்ணை மாற்றுவதுபோலப் பிராட்பேண்ட் இணைப்பை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி கிடையாது. பழையதைத் துண்டித்துவிட்டுப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே முதல் மூன்று மாதம் மாதக் கட்டணத்தில் ஓட்டிப் பார்த்து, லைன்மேன் எப்படி என்று தெரிந்தபின் நீண்டகாலத் திட்டத்துக்கு மாறுவதே விவேகம். நிறுவல் கட்டணமாகப் போகும் தொகையைச் சோதனைச் செலவு என்று வைத்துக்கொள்ளலாம்.

'அன்லிமிடெட்' என்று எழுதியிருக்கும் இடத்தில் சிறிய எழுத்தில் எஃப்யூபி வரம்பு இருக்கும். அந்த அளவைக் கடந்தால் மாதம் முடியும்வரை வேகம் வெகுவாகக் குறைக்கப்படும். முன்னணித் திட்டங்களில் பரவலாக உள்ள 3,300 ஜிபி வரம்பைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. முழு ஹெச்டி படம் மணிக்கு சுமார் 2.25 ஜிபி இழுக்கும் என்பதால், இரண்டு டிவிகளை இராப்பகலாக மாதம் முழுவதும் ஓடவிட்டால்தான் அந்த வரம்பை எட்ட முடியும். ஆனால் உள்ளூர் நிறுவனங்களின் மலிவுத் திட்டங்களில் 200 ஜிபி, 300 ஜிபி வரம்புகளும் உண்டு. 200 ஜிபி என்பது தொண்ணூறு மணி நேரப் படத்துக்குக்கூடக் காணாது, அதாவது நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்.

ஓடிடி இணைத்துத் தரும் திட்டங்களில், நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்துப் பார்ப்பவற்றை மட்டும் கணக்கில் எடுங்கள். பதினைந்து செயலிகள் இலவசம் என்று போட்டிருக்கும் பட்டியலில் பாதியை யாரும் திறந்தே பார்ப்பதில்லை.

நிறுவ வரும் நாள்

ஆதார் அட்டை, முகவரிச் சான்று, வாடகை வீடானால் ஒப்பந்த நகல் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். சுவரில் துளையிட வேண்டியிருக்கும் என்பதால் வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பணத்தைச் செயலி வழியாகவோ ரசீது பெற்றுக்கொண்டோ மட்டும் கொடுங்கள். வாடிக்கையாளர் எண் கைக்கு வராமல் ரொக்கம் கொடுக்காதீர்கள். பழைய பிஎஸ்என்எல் தரைவழித் தொலைபேசி வைத்திருப்பவர்கள், அதே எண்ணை ஃபைபருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதை நினைவில் வைத்துக் கேளுங்கள்.

கேபிள் எந்த வழியாக வீட்டுக்குள் நுழைவது, கருவியை எங்கே வைப்பது என்பதை நீங்கள் முடிவு செய்துவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வருபவர் தமக்கு எளிதான இடத்தில், அதாவது வாசல் ஜன்னலுக்கு அருகில், வைத்துவிட்டுப் போய்விடுவார். முன்னால் கூடம், பின்னால் சமையலறை என்று ஒரே நீளமாகப் போகும் நம் ஊர் வீடுகளில், வாசலில் வைத்த வைஃபை மூன்றாவது சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். இழையை வீட்டின் நடுப்பகுதி வரை கொண்டுவரச் சொல்லுங்கள். பத்து மீட்டர் கூடுதல் கேபிளுக்கான காசு, பின்னால் வாங்கப்போகும் இரண்டாவது ரூட்டரைவிட மிகக் குறைவு. வளைவுகளில் கேபிளை மடித்து ஆணி அடிக்கவிடாதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி. விரல்களுக்கு இடையே ஒரு எலுமிச்சம்பழம் அடங்கும் அளவுக்காவது வளைவு அகலமாக இருக்க வேண்டும். அணில், எலி நடமாட்டம் உள்ள ஓட்டுக்கூரைகளில் கேபிளைக் குழாய்க்குள் விட்டு இழுப்பது நல்லது.

இழையை இணைக்கும் வேலையை அருகில் நின்று பாருங்கள். லைன்மேன் கருப்பு உறையை உரித்து, உள்ளே தலைமுடி பருமனே உள்ள, 125 மைக்ரான் தடிமன் கொண்ட இழையை வெளியே எடுப்பார். அதன் மேல்பூச்சைச் சுரண்டி, ஆல்கஹால் நனைத்த தாளால் துடைத்து, கிளீவர் என்ற சிறு கருவியில் வைத்து முனையைச் செங்குத்தாக வெட்டுவார். பிறகு ஸ்பிளைசிங் இயந்திரத்தில் இரண்டு முனைகளையும் எதிரெதிரே வைத்து மூடினால், திரையில் இரண்டு முனைகளும் பெரிதாகத் தெரியும், ஒரு மின்பொறி பறக்கும், கண்ணாடி உருகி ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் காட்டும் இழப்பு 0.1 டெசிபெல்லுக்குக் கீழே இருந்தால் அது நல்ல ஒட்டு. இயந்திரம் கொண்டுவராமல் கையால் செருகும் ஃபாஸ்ட் கனெக்டரைப் பயன்படுத்துபவர்களும் உண்டு. அது தவறில்லை, ஆனால் இழப்பு சற்றுக் கூடும், சில ஆண்டுகளில் தளர்ந்து தொல்லை தரவும் கூடும். சிதறிய இழைத் துணுக்குகளைத் தரையில் விடாமல் பொறுக்கி எடுக்கச் சொல்லுங்கள். குழந்தையின் காலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது. திறந்திருக்கும் இழை முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது; அதில் வரும் ஒளி கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு லேசர்.

அவர் கிளம்புவதற்கு முன் பவர் மீட்டரில் வீட்டுக்கு வரும் ஒளியின் அளவைப் பார்க்கச் சொல்லி, அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். மைனஸ் 15இலிருந்து மைனஸ் 24 டிபிஎம் வரை இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். மைனஸ் 27ஐ நெருங்கினால் இணைப்பு வரும், ஆனால் மழைக்கும் வெயிலுக்கும் விட்டுவிட்டுப் போகும். மூன்று டெசிபெல் குறைந்தால் ஒளி பாதியாகக் குறைந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் 'நெட் வருகிறதே சார்' என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாமல், ஒட்டை மறுபடி போடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பின்னொரு நாள் பழுது வரும்போது, நிறுவிய அன்று மைனஸ் 19 இருந்தது, இன்று மைனஸ் 26 காட்டுகிறது என்று சொல்ல முடிந்தவரிடம் யாரும் ரூட்டரை அணைத்துப் போடுங்கள் என்று கதை சொல்லமாட்டார்கள்.

வேகத்தைச் சோதித்தல்

முதல் சோதனையை வைஃபையில் செய்யாமல், மடிக்கணினியை லேன் கேபிளால் கருவியோடு நேரடியாக இணைத்துச் செய்யுங்கள். அதில் வாங்கிய வேகம் வந்து, கைப்பேசியில் மட்டும் வரவில்லை என்றால் குறை வீட்டுக்குள்ளே உள்ள வைஃபையில் இருக்கிறது. 150 அல்லது 200 எம்பிபிஎஸ் எடுத்தும் கேபிளில் 94, 95 என்று நின்றுவிட்டால், கருவியின் போர்ட்டோ கேபிளோ 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் தாங்காத வகை என்று பொருள். ஜிகாபிட் போர்ட் உள்ள கருவியைக் கேட்டு வாங்குங்கள். வேகச் சோதனையை இரவு ஒன்பது மணிக்கும் ஒருமுறை செய்து பாருங்கள், ஏனெனில் காலை பத்து மணிக்கு எல்லா இணைப்பும் நல்ல இணைப்புதான்.

வைஃபையில் இரண்டு பட்டைகள் இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு, அக்கம்பக்கத்து ரூட்டர்களின் நெரிசலும் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது வெகுவாக வலுவிழக்கும். டிவியையும் மடிக்கணினியையும் 5இல் போடுங்கள், முடிந்தால் டிவிக்குக் கேபிளே இழுத்துவிடுங்கள். கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுங்கள்.

மின்வெட்டுக்கு ஏற்பாடு

இன்வெர்ட்டர் இல்லாத வீட்டிலும் இணைப்பை உயிரோடு வைத்திருக்கலாம். வீட்டில் வைக்கும் ஃபைபர் கருவிகள் பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்குபவை. ரூட்டர் யூபிஎஸ் என்ற பெயரில் கிடைக்கும் சிறிய பேட்டரிப் பெட்டி, அடாப்டருக்கும் கருவிக்கும் நடுவே உட்கார்ந்து, சில மணி நேரம் தாங்கும். வாங்கும் முன் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பார்த்து, அதற்குக் குறையாத ஆம்பியர் தரும் பெட்டியை எடுங்கள். பின்னின் பருமனும் பொருந்த வேண்டும்.

பழுதும் புகாரும்

இணைப்பு நின்றால் முதலில் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு மின்னினால் ஒளி வரவில்லை. எங்கோ இழை அறுந்திருக்கிறது, கருவியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. ஒளி இணைப்பு சரியாக இருப்பதைக் காட்டும் பான் விளக்கு நிலையாகப் பச்சையில் இருந்து, இணையம் மட்டும் இல்லை என்றால் குறை நிறுவனத்தின் பக்கத்திலோ கட்டணப் புதுப்பிப்பிலோ இருக்கக்கூடும். இதைப் படமெடுத்து லைன்மேனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவர் எந்தக் கருவியோடு வர வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

லைன்மேனிடம் சொல்லியிருந்தாலும், நிறுவனத்தின் புகார் மையத்திலும் பதிவு செய்து டாக்கெட் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகார் புகாரே அல்ல. மையம் தீர்க்கவில்லை என்றால், டிராயின் 2012ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் செல்லலாம். அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனிநபர் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை என்பதால் அங்கே எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பதிவு செய்தால் பல நேரங்களில் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்துவிடும். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்புச் சேவை பற்றிய வழக்குகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவுபடுத்திவிட்டது; 5 லட்சம் ரூபாய் வரை செலுத்திப் பெற்ற சேவைக்கு வழக்குக் கட்டணமும் இல்லை. இணைப்பு இல்லாத நாட்களுக்கான தொகையைக் கழித்துத் தரும்படி முதல் புகாரிலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள், ஏனெனில் கேட்காதவருக்கு அது பெரும்பாலும் வருவதில்லை.

இணைப்பை விடும்போது

வீடு மாறும்போது முதலில் இடமாற்ற வசதி உண்டா என்று கேளுங்கள். புதிய தெருவில் அதே நிறுவனத்தின் இழை இருந்தால் வாடிக்கையாளர் எண்ணும் மீதமுள்ள நாட்களும் கூடவே வரும். விட்டுவிடுவதானால், கட்டாமல் இருந்தால் தானே நின்றுவிடும் என்று இருந்துவிடாதீர்கள். பின்கட்டண முறையில் பாக்கி ஏறிக்கொண்டே போகும். துண்டிப்புக் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து எண் வாங்குங்கள். கருவி, அடாப்டர் ஆகியவற்றின் வரிசை எண் தெரியும்படி படமெடுத்துவிட்டு ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேளுங்கள். வந்தவரிடம் கொடுத்துவிட்டேன் என்ற வாய்ச்சொல்லை நம்பி வைப்புத்தொகை திரும்பாது. அந்த ரசீதையும் டாக்கெட் எண்ணையும் தொகை வங்கிக் கணக்கில் ஏறும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.